அப்பாவின் நம்பர்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள மல்லிகா,

முட்டிவலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருக்கிறது. இங்கே தினமும் மழை. டியூஷன் பிள்ளைகள் நனைந்துகொண்டேதான் வருகிறார்கள்.

உன் மகள் படிவம் 4-இல் நிகழ்தகவில் திணறுகிறாள் என்றாய். 'கெபராங்காலியான்' என்று மலாயில் கேட்டால் என் பிள்ளைகள் சூத்திரத்தை ஒப்பிப்பார்கள். "வர எவ்வளவு வாய்ப்பு?" என்று தமிழில் கேட்டால்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அவளுக்கு என் அண்ணன் கதையைச் சொல்.

நான்கு இலக்க லாட்டரியில் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் நம்பரை அண்ணன் புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) எடுத்துவந்தார். "இத்தனை வருடம் வரவில்லை, இனி வந்தே தீரும்" என்பார். தீபாவளிக்கு வந்தவரைக் காகிதமும் பேனாவுமாக உட்காரவைத்தேன். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒரு குலுக்கலுக்கு 23 பரிசுகள். அவர் எண்ணுக்கு ஏதாவது ஒரு பரிசு விழ 10,000-இல் 23 வாய்ப்பு. முதல் பரிசுக்கு ஒன்றே ஒன்று.

வருடத்தில் 156 குலுக்கலில் ஒரு முறையாவது விழ எவ்வளவு வாய்ப்பு? பிள்ளைகள் வழுக்கி விழுவது இங்கேதான். 10,000-இல் 23 என்பதை 156-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். அப்படிப் பெருக்கிக்கொண்டே போனால் 435-வது குலுக்கலில் வாய்ப்பு 1-ஐத் தாண்டிவிடும், நடக்குமா? ஒரு முறைகூட விழாமல் போகும் வாய்ப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு குலுக்கலில் அது 0.9977. அதை 156 முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.70. 1-இலிருந்து கழித்தால் 0.30. அவ்வளவுதான்.

பணக் கணக்கும் போட்டோம். ஒரு வெள்ளிக்குக் கிடைக்கும் பரிசுகள்: முதல் மூன்று எண்களுக்கு 2,500, 1,000, 500, அடுத்த பத்து எண்களுக்குத் தலா 180, இன்னொரு பத்து எண்களுக்குத் தலா 60. பத்தாயிரம் எண்களையும் ஒரு வெள்ளி வீதம் வாங்கினால் திரும்புவது 6,400. வெள்ளிக்கு 64 சென்.

அண்ணன் வெகுநேரம் காகிதத்தையே பார்த்தார். "இவ்வளவு காலம் வராததற்குக் கூடுதலாக ஒன்றுமே கிடையாதா?" என்று கேட்டார். "இல்லை அண்ணா, ஒவ்வொரு முறையும் எல்லாப் பந்துகளும் இயந்திரத்துக்குள் திரும்பிவிடுகின்றன" என்றேன். அதைச் சொல்ல எனக்கு மனமே வரவில்லை, மல்லிகா. இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறார், அப்பா நினைவாக.

எடுத்ததைத் திரும்ப வைக்காவிட்டால் கணக்கு வேறு. மேசை டிராயரில் மூன்று சிவப்புப் பேனா, இரண்டு நீலப் பேனா. பார்க்காமல் அடுத்தடுத்து இரண்டை எடுத்தால், இரண்டும் சிவப்பாக வர 3/5 × 2/4, அதாவது 3/10. முதல் பேனா வெளியே வந்ததும் டிராயரே மாறிவிட்டது என்பதை அவள் கையாலேயே எடுத்துப் பார்க்கட்டும்.

இரண்டும் நீலமாக வர எவ்வளவு என்று கேட்டு, விடையை அவளையே எனக்கு எழுதச் சொல்.

அன்புடன்,
சாந்தி