தனிக் கடைக்குக் காசு கொடுக்கிறவன் எழுதுவது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் கிளவுட் சேமிப்பு (நம் ஃபைல்களை இணையத்தில் வைக்கிற வசதி) பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: ‘கூகுளும் ஆப்பிளும் போனோடு இடம் தரும்போது, டிராப்பாக்ஸ் மாதிரித் தனிக் கடைக்கு இனி எவன் காசு கொடுப்பான்?’ டிராப்பாக்ஸ் என்பது இந்தச் சேமிப்பையே முக்கியத் தொழிலாக நடத்தும் கம்பெனி. அதற்கு நான் காசு கொடுக்கிறேன், சார். கொழிஞ்சாம்பாறையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம், கேரளா. போன தடவை என் கடிதத்தைப் போட்டபோது ஊர் பெயரைக் ‘குழிச்சாம்பாறை’ ஆக்கிவிட்டீர்கள். அதற்கு முந்தைய இரண்டு கடிதங்கள் வரவே இல்லை. சரி, அது கிடக்கட்டும்.

ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுக்கிறோம். ஒரு ரா ஃபைல் (கேமராவிலிருந்து அப்படியே வரும் மூலப் படம்) 25 எம்.பி. இருக்கும். ஆப்பிள் இலவசமாகத் தரும் 5 ஜி.பி. பெண் அழைப்பிலேயே தீர்ந்துவிடும். கூகுளின் 15 ஜி.பி.யில் மெயிலும் சேர்ந்தே குடியிருக்கிறது. டிராப்பாக்ஸ் சும்மா தருவது வெறும் 2 ஜி.பி., அதில் மாப்பிள்ளை மாலையைக்கூடப் போட முடியாது. அதனால்தான் காசு.

இதெல்லாம் வருவதற்கு முன்னால் என்ன செய்தோம் தெரியுமா? ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, வேலந்தாவளம் வழியாகப் போகிற பஸ்ஸில் கண்டக்டர் அண்ணனிடம் கொடுப்போம். கோயம்புத்தூர் உக்கடத்தில் ஆல்பம் டிசைனர் பையன் காத்திருந்து வாங்கிக்கொள்வான். ஒரு தடவை அவன் டீ குடிக்கப் போய்விட, டிஸ்க் அதே பஸ்ஸில் திரும்பி வந்து சேர்ந்தது. 2020-இல் கொரோனா சமயத்தில் மாநில எல்லையான வாளையாறில் பாஸ் இல்லாமல் ஆளே தாண்ட முடியவில்லை. ஆனால் என் ஆல்பங்கள் மட்டும் பாஸ் கேட்காமல் கோயம்புத்தூர் போய் வந்தன. ஐம்பது பேர் வந்த கல்யாணத்துக்கும் ஆல்பம் ஆல்பம்தானே.

இன்னொன்று. ஆல்பத்தில் இணைச்சீர் (மாப்பிள்ளையின் சகோதரி செய்யும் சீர்) பக்கத்தை முடித்து அனுப்பிய பிறகுதான் மாப்பிள்ளையின் அம்மா, “தம்பி, எங்க அம்மாயி கண்ணு மூடியிருக்குதே” என்பார். அந்த ஒரு முகத்தை மாற்ற 800 எம்.பி. ஃபைல் முழுவதையும் மறுபடி ஏற்ற வேண்டுமென்றால் எங்கள் ஊர் நெட்டுக்கு விடிந்துவிடும். டிராப்பாக்ஸ் ஃபைலை 4 எம்.பி. துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டை மட்டும் அனுப்புகிறது. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் இதை எல்லா வகை ஃபைலுக்கும் கொண்டுவர 2020 ஆனது. உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை. ஸ்டீவ் ஜாப்ஸ் 2009-இல் டிராப்பாக்ஸ்காரர்களிடம் ‘இது ஒரு வசதிதான், தனிப் பொருள் இல்லை’ என்று சொன்ன கதைக்கு மட்டும் அரைப் பத்தி. அவர் சொன்ன பிறகுதான் அந்தக் கம்பெனி 2018-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் ஏறியது. இன்றைக்கும் சுமார் 1.8 கோடிப் பேர் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். அதில் ஒருவன் உங்கள் சந்தாதாரர்.

அவர்கள் தள்ளாடுவது எனக்கும் தெரியும். 2023-இலும் 2024-இலும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். உபுண்டு ஒன், வுவாலா மாதிரிச் சேமிப்புக் கடைகள் எப்போதோ மூடியாகிவிட்டது. ஒருநாள் இதுவும் மூடலாம். அதற்காக எல்லாவற்றையும் ஒரே ஆள் கையில் கொடு என்றால் எப்படி? ஒரு பெரிய கம்பெனியில் (பெயர் வேண்டாம், கேஸ் போடுவார்கள்) என் கணக்கு ஒன்பது நாள் பூட்டிக் கிடந்தது. காரணம் சொல்லவில்லை, பேச ஒரு மனுஷன் இல்லை. மெயில், போன் நம்பர்கள், காலண்டரில் குறித்து வைத்த முகூர்த்தத் தேதிகள் எல்லாம் உள்ளே. ஆவணி மாதம், சார்! படங்கள் வேறு கடையில் இருந்ததால் தப்பித்தேன்.

கூகுள் போட்டோஸ் 2015-இல் அளவில்லாமல் இலவசம் என்று வந்தபோது இதே பக்கத்தில் ‘இனி ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடுங்கள்’ என்று எழுதினீர்கள். அந்த இலவசமே சுருக்கிய படத்துக்குத்தான். 2021 ஜூன் 1-இலிருந்து புதிதாக ஏற்றும் படங்களுக்கு அதுவும் அந்த 15 ஜி.பி. கணக்கில் சேர்ந்துவிட்டது. அன்று உங்கள் பக்கத்தில் எழுத்தாளர் ஒருவரின் தோட்டத்துப் பப்பாளி பற்றிக் கட்டுரை. நல்ல பப்பாளிதான், குறை சொல்லவில்லை.

கேட்பது ஒன்றுதான். அந்தக் கட்டுரையோடு போட்ட ஒப்பீட்டுப் பட்டியலில் விலையெல்லாம் டாலரில் இருக்கிறது. அடுத்த வாரம் ரூபாயில் திருத்திப் போடுங்கள். கூடவே, கணக்கை முடித்தால் நம் ஃபைல்களை எடுக்க எத்தனை நாள் தருவார்கள் என்று ஒரு கட்டமும் சேருங்கள். ஊர் பெயர் கொழிஞ்சாம்பாறை. ‘கொ’ குறில்.

இப்படிக்கு,
ஸ்டூடியோக்காரர்,
கொழிஞ்சாம்பாறை