கொரிய நாடகத்துக்குத் தடை கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொரிய நாடகமும் பாட்டும் நம் பிள்ளைகளைக் கெடுக்கின்றன, தடை செய்ய வேண்டும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பிடிஎஸ் என்ற கொரியப் பாட்டுக் குழுவைப் பார்க்கக் கொரியா போகிறோம் என்று கிளம்பிய மூன்று பள்ளிச் சிறுமிகள் 2024 ஜனவரியில் எங்கள் காட்பாடி ஸ்டேஷனில் மீட்கப்பட்டதை அவர் சுட்டிக்காட்டியதும் சரிதான், எங்களுக்கும் அது திக்கென்றுதான் இருந்தது. ஆனால் அங்கிருந்து நேராகத் தடைக்குத் தாவுகிறாரே, அதுதான் இடிக்கிறது.

தடை போட்டுப் பார்த்த நாடுதானே இது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், தரமில்லை என்று சொல்லி அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை ஏறக்குறைய விரட்டியே விட்டார். ஜனங்கள் என்ன, உட்கார்ந்து கச்சேரியா கேட்டார்கள்? இலங்கையின் ரேடியோ சிலோனுக்குத் திருப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். 1957இல் சினிமாப் பாட்டுப் போடும் விவித்பாரதி சேவையைத் தொடங்கி டெல்லியே இறங்கி வரவேண்டியதாயிற்று, ஆனால் அதற்குப் பிறகும் குடியாத்தத்தில் எங்கள் தறிக்காரத் தெருக்களில் பல வருஷம் காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' பாட்டு நிகழ்ச்சிதான். எம்.ஜி.ஆரின் கொள்கைப் பாட்டுகளை எங்கள் வீட்டில் கேட்டதெல்லாம் பெரும்பாலும் இலங்கை வானொலியில்தான். கண்டியில் பிறந்த மனிதர், கடல் தாண்டி வந்த அலைவரிசையில் பாடிப் பாடி, 1977இல் இங்கே முதல்வராகிவிட்டார். பாட்டு மட்டுமே ஓட்டு வாங்கித் தரவில்லை, கட்சியும் ரசிகர் மன்றமும் இருந்தன, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் விளம்பர வருமானத்துக்காகப் பாட்டுப் போட்ட அடுத்த நாட்டு நிலையம் ஒன்றுக்கு நம் ஊர் அரசியலில் ஒரு பங்கு உண்டு என்பதை எப்படி மறுப்பது?

கொரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் தங்களை ஆண்ட காலனி ஆட்சியின் கசப்பில் ஜப்பானியப் படம், பாட்டு எல்லாவற்றையும் பல பத்தாண்டுகள் உள்ளே விடாமல் வைத்திருந்த நாடு தென்கொரியா. 1998இல் படிப்படியாகக் கதவைத் திறந்தபோது, நம் சினிமா அழிந்துவிடும் என்று அங்கேயும் பயந்தார்கள். ஐந்தே வருஷத்தில் அவர்கள் நாடகம் ஜப்பானிய டிவியில் ஓடி, அந்த ஊர் இல்லத்தரசிகளைக் கட்டிப்போட்டது. இன்னொரு பக்கம் வடகொரியா, தென்கொரியப் படங்களைப் பார்த்தாலோ பரப்பினாலோ கடும் தண்டனை என்று 2020இல் சட்டமே கொண்டுவந்தது. நம் வாசகர் கேட்பது எந்த வழி என்று அவரே யோசிக்கட்டும்.

அந்தச் சிறுமிகளிடம் இருந்தது கொஞ்சம் பணமும் நிறைய ஆசையும். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் செலவு என்று வீட்டில் ஒருவரிடமாவது கேட்க முடிந்திருந்தால் வாசலைத் தாண்டியிருப்பார்களா? கேட்டால் திட்டு விழும் என்றுதானே சொல்லாமல் கிளம்பினார்கள். எந்த நாடகம், ஏன் பிடிக்கிறது என்று இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளையே எழுதச் சொல்லி உங்கள் பத்திரிகையில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள், ஆசிரியரே. தடை கேட்கும் கடிதங்களை அதற்குப் பக்கத்திலேயே போடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்