கதிர்காம நடைக்கு எந்த மணிக்கூடு?

திருகோணமலை

அன்பின் சிவா,

நலம், நலமறிய ஆவல். அடுத்த வருடக் கதிர்காமப் பாத யாத்திரையில் திருகோணமலையிலிருந்து எங்களோடு சேர்ந்து நடக்கப்போகிறேன் என்று நீ எழுதியதை வாசித்ததும், அடுப்படியில் நின்றவளைக் கூப்பிட்டு அந்தப் பந்தியை மட்டும் திரும்ப வாசித்துக் காட்டினேன். நீ ரொறன்ரோவிலிருந்து வருவதே எங்களுக்குப் பெரிய விஷயம். நடக்கவும் வருகிறாய் என்றால் கேட்கவா வேண்டும்? வில்லூன்றிக் கந்தசுவாமி கோயிலில் யாத்திரைக்காரரோடு சேர்ந்துகொண்டு கிண்ணியா, மூதூர், வெருகல் என்று தெற்கே போகலாம். மட்டக்களப்பு தாண்டி உகந்தை வரைக்கும் ஊர்களும் கோயில்களும் இருக்கின்றன. உகந்தைக்குப் பிறகுதான் காடு.

இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலை பத்து மணிக்கே தார் ரோட்டில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. சின்னவள் வளாகப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறாள். நான் பென்சன் எடுத்த பிறகும் விடிய எழும்பி உப்புவெளியிலிருந்து கோணேசர் கோயில் வரை நடக்கிறேன். முழங்கால் ஒத்துழைக்கிறது.

சரி, நடைக்குக் கையில் கட்டும் ஜிபிஎஸ் மணிக்கூட்டு விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு படம் அனுப்பி, பளிச்சென்று இருப்பதை வாங்கவா, மங்கலானதை வாங்கவா என்று கேட்டிருந்தாய். இந்த நடைக்கென்றால் மங்கலானதை வாங்கு. ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கடைக்குள் நின்று பார்த்தால் உனக்கு நேர்மாறாகத்தான் தோன்றும்.

பளிச்சென்று இருப்பது அமோலெட் திரை. ஒவ்வொரு புள்ளியும் தானே வெளிச்சம் விடும். கறுப்பாக இருக்கும் புள்ளிக்கு மின்சாரமே தேவையில்லை. அதனால் இருட்டிலும் வீட்டுக்குள்ளும் அதன் எழுத்து அவ்வளவு வடிவாக இருக்கும். ஆனால் வெயிலில் அது சூரியனோடு போட்டி போட வேண்டும். போட்டி போடப் போட பற்றரி இறங்கும். மங்கலாகத் தெரிவது எம்ஐபி திரை. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் தன் நிலையை ஞாபகம் வைத்திருக்க ஒரு சின்னச் சுற்று உண்டு. படம் மாறாத நேரத்தில் அதற்குச் செலவு மிகக் குறைவு. வெளிச்சத்தை அது தானாக உண்டாக்குவதில்லை, மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. பேப்பர் வாசிப்பது மாதிரித்தான், வெயில் ஏற ஏற எழுத்துத் தெளிகிறது. கிண்ணியாப் பாலத்தில் காலை வெயிலில் நிழலே இல்லாமல் நடக்கும்போது இதன் அருமை உனக்குத் தெரியும். இருட்டில் மட்டும் ஒரு பொத்தானை அமத்திப் பின்வெளிச்சம் போட வேண்டும்.

இன்னொன்றையும் யோசி. அமோலெட் மணிக்கூடு பற்றரியை மிச்சம் பிடிக்கத் திரையை அணைத்து வைத்திருக்கும். கையைத் திருப்பி உயர்த்தினால் எரியும். நீ மூட்டையைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் பொல்லோடு நடக்கும்போது எந்தக் கையைத் திருப்புவாய்? என் மருமகனிடம் இருப்பது அமோலெட். கோயிலடி ஏற்றத்தில் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு வரும்போது அவன் கையை இரண்டு மூன்று தரம் உதறுவான். என்னுடையது எம்ஐபி, கண்ணைத் தாழ்த்தினாலே தெரியும். எப்போதும் எரியும்படி அமோலெட்டை வைக்கவும் வழி இருக்கிறது. அதற்கு விலை பற்றரிதான்.

எவ்வளவு விலை என்று காட்ட ஒரு நல்ல சோடி இருக்கிறது. 2022 ஜனவரியில் கார்மின் நிறுவனம் ஃபீனிக்ஸ் 7, எபிக்ஸ் என்ற இரண்டையும் ஒன்றாக வெளியிட்டது. உடம்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், திரைதான் வேறு. எம்ஐபி உள்ள ஃபீனிக்ஸ் ஜிபிஎஸ் போட்டால் 57 மணி நேரம் நிற்கும் என்கிறார்கள், சும்மா கட்டியிருந்தால் 18 நாள். அமோலெட் எபிக்ஸ் 42 மணி நேரம், 16 நாள். திரை எப்போதும் எரியும்படி வைத்தாலோ 30 மணி நேரம், 6 நாள். அதே நிறுவனத்தின் ஃபோர்ரன்னர் 955 எம்ஐபி, 965 அமோலெட். அவை 42 மணி நேரமும் 31 மணி நேரமும். சூன்டோ என்ற மற்றக் கம்பனியில் எம்ஐபி வேர்ட்டிக்கல் 60, அமோலெட் ரேஸ் 40. அவை இரண்டும் ஒரே உடம்பு இல்லை, என்றாலும் பார், எங்கே பார்த்தாலும் பளிச்சென்ற திரைக்கு நாலில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ போய்விடுகிறது.

இப்போது நம் வழியில் வைத்துக் கணக்குப் பார்ப்போம். உகந்தை வரை எங்காவது ஒரு கோயில் மண்டபத்தில் ப்ளக் கிடைக்கும், அதுவரை எந்த மணிக்கூடும் சரிதான். உகந்தையில் காட்டுக்குள் இறங்கினால் குமுக்கன் ஆறு, பிறகு யால, கதிர்காமம் போய்ச் சேரும்வரை கரண்டே இல்லை. ஐந்து நாள் என்று வை. ஒரு நாளைக்கு ஆறரை மணி நேரம் நடையைப் பதிகிறாய், மிச்ச நேரம் மணிக்கூடு சும்மா கையில் கிடக்கிறது. ஃபீனிக்ஸ் நாளுக்குப் பதினைந்து சதவீதம் போலச் சாப்பிடும், கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் குளிக்கும்போதும் கால்வாசி மிஞ்சும். எபிக்ஸ், திரையை அணைத்து வைத்தால் நாளுக்கு இருபது சதவீதம். ஐந்தாம் நாள் சொட்டும் இல்லாமல் போய்ச் சேருவாய். எப்போதும் எரியவிட்டாலோ மூன்றாம் நாள் இரவோடு முடிந்தது. இதெல்லாம் புதுப் பற்றரிக்குக் கம்பனிக்காரர் சொல்லும் கணக்கு. பற்றரிக்கு வயது போகப் போக எல்லாம் குறையும். அதற்காகத்தான் அந்தக் கால்வாசி மிச்சத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். அடிக்கடி சார்ஜ் போடத் தேவையில்லாத மணிக்கூட்டின் பற்றரி வருடக் கணக்கில் உழைக்கவும் செய்யும்.

பவர் பேங்க் கொண்டுவருகிறேனே என்று சொல்வாய். கொண்டுவா, ஆனால் அது போனுக்கு. காட்டில் யாருக்காவது கால் பிசகினால் போனில் உயிர் இருக்க வேண்டும். மணிக்கூடும் அதில் பங்கு கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு வெயில் சூட்டில் பையில் தொங்கவிட்டுச் சார்ஜ் போடவும் கூடாது. 45 பாகை செல்சியஸுக்கு மேல் இந்தப் பற்றரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவது நல்லதல்ல, வியர்வை ஈரத்தோடு கேபிளைக் கொளுவினால் சார்ஜ் முனையும் அரித்துப்போகும்.

நான் நில அளவையில் இருந்தவன், அதனால் இதையும் சொல்லாமல் விடமாட்டேன். திரையை விடப் பெரிதாகப் பற்றரி தின்பது ஜிபிஎஸ் முறைதான். செய்மதியின் இரண்டு அலைவரிசைகளையும் பிடிக்கும் முறையைப் போட்டால் 955-இன் 42 மணி நேரம் 20 ஆகிவிடும், 965-இன் 31 மணி நேரம் 19 ஆகும். பார்த்தாயா, அந்த இடத்தில் இரண்டு திரைக்கும் வித்தியாசமே இல்லாமல் போகிறது! உயரக் கட்டடங்களுக்கு நடுவிலும் செங்குத்தான பள்ளத்தாக்கிலும் அந்த முறை தேவை. உன் ரொறன்ரோ நடுநகரத்துக்குச் சரி. நம் வழி கடற்கரை, வயல்வெளி, பற்றைக்காடு. வானம் திறந்து கிடக்கிறது. சாதாரண ஜிபிஎஸ் போதும், அதைப் போட்டுவிட்டு நட.

சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் வகைக்கு அதிகம் காசு கொடுக்காதே. இந்த வெயிலுக்கு அது அள்ளிக் கொடுக்கும் என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். 955-இன் சோலார் வகையில் 42 மணி நேரம் 49 ஆகிறது, அவ்வளவுதான். அதுவும் 50,000 லக்ஸ் வெளிச்சம் படும் கணக்கில். நம் ஊர் உச்சி வெயில் அதைத் தாண்டும். ஆனால் நாங்கள் விடிய மூன்று நான்கு மணிக்கு வெளிக்கிட்டு, வெயில் ஏறும்போது மரநிழலில் படுத்துவிடுவோம்.

உன் கண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். அதுதான் என்னைக் கொஞ்சம் தடுமாற வைத்தது. எங்கள் வயதில் கண்ணாடி இல்லாமல் சின்ன எழுத்து வாசிக்க ஏலாது, அதில் அமோலெட்தான் மேல் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். 955-இல் 260-க்கு 260 புள்ளி, 965-இல் 454-க்கு 454. இலக்கத்தின் கூர்மை கண்ணுக்கு உடனே தெரியும். ரொறன்ரோவில் மார்கழியில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்றும் நீ சொல்லியிருக்கிறாய், அங்கேயும் அதுதான் வசதி. ஆனால் கண்ணுக்கு வேறு வழியும் இருக்கிறது. ஒரு பக்கத்தில் இரண்டே இரண்டு இலக்கம் வரும்படி வை: நடந்த தூரம், நேரம். பின்னணியை வெள்ளையாக்கி எழுத்தைக் கறுப்பாக்கு. 51 மில்லிமீற்றர் அளவை எடு, உன் மணிக்கட்டு தாங்கும். இப்படி வைத்தால் எனக்குக் கண்ணாடி தேவைப்படுவதில்லை.

கண் வைத்தியர் உனக்குக் கட்டாயம் வெளிச்சத் திரைதான் வேண்டும் என்றால், அமோலெட்டையே எடு, நான் குறை சொல்லமாட்டேன். எப்போதும் எரியும் வசதியைக் காட்டுக்குள் அணைத்து வை. இரவில் கை திருப்பினால் எரிவதையும் அணை. மரத்தடியில் வரிசையாகப் படுத்திருக்கும் வயதான அம்மாமாரின் முகத்தில் புரளும்போதெல்லாம் வெளிச்சம் அடிக்கக் கூடாது. தொடுதிரையையும் பூட்டு, வியர்வை பட்டால் அது தன் பாட்டுக்குப் பக்கம் மாற்றும்.

ஆப்பிள் அல்ட்ராவைப் பற்றி உன் மகன் சொன்னானாம். நல்ல பொருள்தான், ஆனால் ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு தரம் ப்ளக் தேட வேண்டும். வேண்டாம்.

வாங்கும்போது ஒரு கவனம். 2024-இல் வந்த ஃபீனிக்ஸ் 8 அமோலெட்டிலும் வருகிறது, எம்ஐபி சோலாரிலும் வருகிறது. பெயர் ஒன்றுதான். பெட்டியில் எது என்று வாசித்துப் பார்த்து வாங்கு. கடைக்காரரிடம் கேட்டு வெளியே கொண்டுபோய், கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, வெயிலில் ஒருதரம் பார். கண் வைத்தியர் சொன்னதையும், கடையில் எந்த மாதிரி இருக்கிறது என்பதையும் எழுது. அந்த இலக்கங்களை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன். விமான டிக்கெட்டை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதே.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்
குணா