பரிசளிப்பு மேடைக்கு முன்பே கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை மாவட்டம் யா.கொடிக்குளத்தில் ஆயி என்கிற பூரணம் அம்மாள், மறைந்த தம் மகள் ஜனனியின் நினைவாக 2024 ஜனவரியில் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக்கொடுத்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நிலத்தின் மதிப்பைத்தான் எல்லோரும் பேசினோம். அந்தக் கொடையில் இன்னொரு சிறப்பும் உண்டு. ஊர் நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வேண்டும் என்றால் இடம் வேண்டும். அவர் கொடுத்தது இடம். பள்ளிக்கு எது தேவையோ அதையே கொடுத்தார்.

பெண் பிள்ளைகளின் படிப்புக்கு நம் ஊர்களில் கொடுக்க மனமுள்ளவர்கள் குறைவில்லை. கோயில் கமிட்டி, முன்னாள் மாணவர் சங்கம், அரிசி ஆலைக்காரர், நகைக்கடைக்காரர், சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் ஊர்க்காரர் என்று பலர் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஆகஸ்ட் 15 அன்று மேடையில், பிளஸ் டூவில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்குப் போகிறது. 600-க்கு 560 எடுத்த பெண்ணுக்கு ஏதோ ஒரு வழியில் கல்லூரி கிடைத்துவிடும். 340 எடுத்து, அரசுக் கல்லூரியில் பி.ஏ. இடமும் கிடைத்து, சேர்க்கை நாளன்று 5,000 ரூபாய் புரட்ட முடியாமல் வீட்டில் உட்கார்ந்துவிடும் பெண்ணை யாரும் கவனிப்பதில்லை. ஆகஸ்டில் மேடை போடும்போது அவள் மில் வேலைக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

அரசு பெரிய செலவுகளைச் சுமக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம், ஒரு கட்டத்தில் 8 கிராம் தங்கம் வரை கொடுத்த திட்டம், 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. புதுமைப்பெண் என்று எல்லோருக்கும் தெரிந்த திட்டம்தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆக, கொடையாளர்கள் கல்விக் கட்டணத்துக்கென்று பெருந்தொகை திரட்ட வேண்டிய தேவை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. இடைவெளி இருப்பது காலத்தில். அரசுப் பணம், மாணவி கல்லூரியில் சேர்ந்த பிறகு, சரிபார்ப்பு முடிந்த பிறகு வரும். கல்லூரி கேட்பதோ சேரும் நாளில்.

அந்த முதல் மாதத்துக்கு ஒரு மாணவிக்கு 8,000 ரூபாய் ஒதுக்கலாம். சேர்க்கையன்று கட்ட வேண்டிய சிறப்புக் கட்டணம், அடையாள அட்டை முதலியவற்றுக்கு 3,000. இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு அம்மாவோடு போய் வரும் செலவு, நகல்கள், புகைப்படங்கள் 1,000. உடை, செருப்பு, பை 2,000. பாடநூல், ரெக்கார்டு நோட்டு 1,000. பேருந்துக்கு 1,000. மகளிருக்குக் கட்டணமில்லாத பயணம் பெரும்பாலும் சாதாரண நகரப் பேருந்தில்தான். கல்லூரிக்குப் புறநகர்ப் பேருந்துதான் என்றால், பாஸ் கைக்கு வரும்வரை தினமும் காசு வேண்டும். முதல் மாதத்தில் கல்லூரியை விட்டு நின்றுபோகும் பெண்களில் பலர் இந்தப் பேருந்துக் காசில்தான் நிற்கிறார்கள். விடுதி என்றால் தட்டு, வாளி, போர்வை, பூட்டு, முன்பணம் என்று இன்னொரு 4,000 தனியாக வேண்டும்.

இந்தத் தொகை ஏப்ரல் கடைசிக்குள் ஊர்க் கல்வி நிதியின் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் இடம் ஒதுக்கியபின் உறுதிசெய்யவும் பணம் கட்டவும் கிடைப்பது சில நாட்கள்தான். கமிட்டி கூடி, தீர்மானம் போட்டு, தலைவர் வெளியூரிலிருந்து வந்து காசோலையில் கையெழுத்திடும்வரை இடம் காத்திருக்காது. 10,000 ரூபாய் வரை இரண்டு பேர் சம்மதித்தால் அன்றே கொடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. கல்லூரிக்குக் கட்டுவதைக் கல்லூரிக்கே நேரடியாகக் கட்டலாம். மீதியை மாணவியின் சொந்தக் கணக்கில் போட வேண்டும். அப்பா கணக்கிலோ அண்ணன் கணக்கிலோ போட்டால் அது வேறு கடனுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு.

பணத்தைவிட அதிகம் காலை வாருவது காகிதம். உதவித்தொகை வராமல் நிற்கும்போது தோண்டிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் சின்னது. மாணவி சின்ன வயதில் அம்மாவோடு கூட்டாகத் தொடங்கிய கணக்கு, இரண்டு ஆண்டு வரவுசெலவு இல்லாமல் முடங்கியிருக்கும். ஆதார் வேறொரு வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கும். ஆதாரில் இருக்கும் கைப்பேசி எண் எப்போதோ தொலைந்த எண்ணாக இருக்கும், ஓ.டி.பி. யாருக்கோ போகும். 15 வயதில் புதுப்பிக்க வேண்டிய கைரேகையைப் புதுப்பித்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றிலும் தொல்லை தருவது இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால், ஆதாரில் அப்பாவின் முழுப்பெயராகப் பின்னால், வங்கியில் இனிஷியலே இல்லாமல். மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் கணினி தள்ளிவிடும்.

இவற்றைச் சரிசெய்ய ஜூன் ஏற்ற மாதம் அல்ல. பிளஸ் டூ படிக்கும்போதே, டிசம்பரில், தலைமையாசிரியரிடம் கேட்டு ஒரு சனிக்கிழமை பள்ளியில் உட்கார்ந்து ஒவ்வொரு மாணவியின் ஆதார், பாஸ்புக், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாருக்கு என்ன திருத்தம் என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். அரசுப் பள்ளியில் படித்ததற்கு அதுதான் சாட்சி. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். அவற்றைத் தேர்வுக்கு முன்பே வாங்கிவிடலாம். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும் என்பதால் ஏப்ரலில் விண்ணப்பிப்பது சரி. மே கடைசியில் போனால் கிராம நிர்வாக அலுவலர் மேசையில் நூற்றுக்கணக்கில் குவிந்திருக்கும்.

தேர்ச்சி பெறாத பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த மேடையிலும் அவர்களுக்கு இடமில்லை. ஒரு பாடத்தில் தவறிய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்க ஒரு மாதம் போதும். துணைத் தேர்வு அதே ஆண்டிலேயே நடக்கிறது. விண்ணப்பிக்க முடிவு வந்தபின் சில நாட்களே கிடைக்கும். தவறினால் தத்கல் என்னும் கடைசி நேர விண்ணப்பத்தில் கூடுதல் கட்டணம். முடிவு வந்த மறுநாளே அந்த வீட்டுக்குப் போய், கட்டணத்தைக் கட்டி, நான்கு வாரத்துக்கு ஒரு கணக்கு ஆசிரியரையோ வேதியியல் ஆசிரியரையோ ஏற்பாடு செய்தால் ஆகும் செலவு, ஒரு மேடைக்கான பந்தலும் பிளக்ஸும் பொன்னாடையும் சேர்ந்த செலவைவிடக் குறைவு. படிப்பு விட்டுப்போய்ச் சில ஆண்டுகள் ஆனவர்களுக்கு ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை, பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. இது தெரியாத வீடுகள் மிகப் பல.

புதிதாக நிதி தொடங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று. முதல் ஆண்டு 1,60,000 வசூலானால் தலைக்கு 8,000 என்று 20 பேரை எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த ஆண்டு புதிதாக 20 பேர் வருவார்கள்; பழைய 20 பேருக்கும் பேருந்து, தேர்வுக் கட்டணம், அரியர் கட்டணம் என்று ஆளுக்கு 4,000 வேண்டும். மூன்றாம் ஆண்டில் தேவை 3,20,000 ஆகிவிடும். வசூல் அதே 1,60,000. படித்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பாதியில் கைவிடுவது, எடுக்காமல் விடுவதைவிடப் பாவம். ஆகவே 1,60,000 வசூல் ஆகும் ஊர் ஆண்டுக்கு 10 பேரைத்தான் எடுக்க வேண்டும். புதியவர்களுக்கு 80,000, இரண்டாம் ஆண்டுக்கு 40,000, மூன்றாம் ஆண்டுக்கு 40,000. முதல் ஆண்டில் மிஞ்சும் 80,000 வங்கியில் இருக்கட்டும். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேரைச் சேர்க்கலாம் என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். அப்போது இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் மகளிர் குழுத் தலைவி, அங்கன்வாடி ஊழியர், பள்ளி ஆசிரியை இருப்பது அவசியம். எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடுகிறது, எந்த வீட்டில் அம்மா மட்டும் சம்பாதிக்கிறாள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மாணவியின் படத்தைப் பிளக்ஸில் போடாதீர்கள். உதவி வாங்கியவள் என்று ஊர் முழுக்கத் தெரிந்தால் கூச்சத்திலேயே அடுத்த ஆண்டு கேட்க வரமாட்டாள். கொடையாளர் பெயரைப் போடலாம், வரவுசெலவைப் பள்ளிச் சுவரில் ஒட்டலாம், அது வேண்டியதும்கூட.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். மே முதல் வாரத்திலிருந்து மாவட்டப் பக்கத்தில் அரசுக் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. விண்ணப்பக் கடைசி நாட்களையும் துணைத் தேர்வுத் தேதிகளையும் தினமும் ஒரே இடத்தில் ஒரு சிறு பெட்டியாக வெளியிடுங்கள். டீக்கடையில் படிக்கிற அப்பாவின் கண்ணிலும் அது படும்.

இப்படிக்கு,
ஊர்க் கல்வி நிதி ஒன்றின் கணக்குகளைப் பார்க்கும் வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்