ராணிப்பேட்டை குரோமியக் கழிவு: அள்ளுவதற்கு மட்டும் காசு ஒதுக்கினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு சுமார் 2.27 லட்சம் டன். அதை அகற்றும் பேச்சு வரும்போதெல்லாம் ‘எத்தனை கோடி’ என்பதே கேள்வியாகிறது. எந்த வேலைக்கு, எந்த வரிசையில், எத்தனை ஆண்டுக்கு என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சூளையில் வறுத்து, தண்ணீரில் கரைத்துக் குரோமேட்டை எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை இது. காரம் மிகுந்தது, பிஎச் 11, 12 வரை நிற்கும். நச்சான ஹெக்சாவேலன்ட் குரோமியம் துகள்களுக்குள் சிக்கிக்கொண்டு மழைக்கு மழை கொஞ்சமாகக் கசியும், மஞ்சள் தண்ணீராக. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. ஓர் எக்டேர் மேட்டில் ஓர் அங்குல மழை என்றாலே இரண்டரை லட்சம் லிட்டர் தண்ணீர். ஆகவே முதல் ரூபாய் மழையைத் தடுக்கப் போக வேண்டும்: 60 செ.மீ. இறுக்கிய களிமண், அதன் மேல் ஒன்றரை மில்லிமீட்டர் எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) விரிப்பு, சுற்றிலும் மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்கால். முழுத் திட்ட அறிக்கைக்குக் காத்திராமல் ஒரு பருவமழைக்குள் முடிக்கக்கூடிய வேலை இது.

‘அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) கலந்தால் தீர்ந்தது’ என்று சிலர் சொல்வது பாதி உண்மை. ஒரு கிலோ ஹெக்சாவேலன்ட் குரோமியத்தை நச்சு குறைந்த வடிவத்துக்கு மாற்ற, கணக்குப்படியே 16 கிலோ அன்னபேதி வேண்டும். நடைமுறையில் இன்னும் கூடும். இவ்வளவு காரமான சக்கையில் இரும்பு உள்ளே போகுமுன்னே படிந்துவிடுவதுதான் காரணம். மேலே மாறியதுபோல் தெரிந்து, சில மாதங்களில் மறுபடி மஞ்சள் ஊறும். அன்னபேதியோடு வரும் சல்பேட்டும் சும்மா இருப்பதில்லை. சக்கையில் உள்ள சுண்ணாம்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்து உப்பும் படிகமாகிவிடும். அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் இதே வகைச் சக்கையைக் கொட்டி நிரப்பிய இடத்தில் தளம் மேலெழும்பி விரிசல் விட்டது, சக்கை உப்பியதால்தான். எனவே முன்னோட்டச் சோதனைக்கென்று தனியாகப் பணம் ஒதுக்காமல் பெரிய டெண்டர் விடக் கூடாது.

டெண்டரிலும் ஒரு பொறி இருக்கிறது. டன்னுக்கு இவ்வளவு என்று கொடுத்தால், நல்ல மண்ணும் லாரியில் ஏறும். 20 டன் டிப்பருக்கு 2.27 லட்சம் டன் என்பது 11,350 நடை. கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவுக் கிடங்கு வரை ஒவ்வொரு நடைக்கும் எடைச்சீட்டு, தார்ப்பாய், சக்கரம் கழுவும் தொட்டி எல்லாம் வேண்டும். அள்ளிய டன்னுக்குப் பதில், அள்ளிய குழியின் அடிமண் சோதனையில் தேறினால் பணம் என்று எழுதுவதே சரி. தண்ணீர் மாதிரியில் இன்னொரு தவறு சகஜம். மற்ற உலோகங்களுக்கு எடுப்பதுபோல் நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டிலிலேயே ஹெக்சாவேலன்ட் குரோமியத்தையும் பார்ப்பார்கள். அமிலத்தில் அது வடிவம் மாறிவிடும், முடிவு ‘நன்றாக’ வரும். அமிலமில்லாத பாட்டில், ஐஸ் பெட்டி, 24 மணி நேரத்துக்குள் ஆய்வு. இதில் சமரசம் கிடையாது.

பணம் எங்கே? மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-இல். கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் பாதரச மாசு விவகாரத்தில் நிறுவனம் இன்றும் இருப்பதால் அதன் செலவில் மண் சுத்திகரிப்பு தொடங்கியது. மூடிப்போன ஆலையிடம் யார் கேட்பது? 2025 ஜூலையில் வந்த மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகள், பொறுப்பாளரால் கொடுக்க முடியாதபோது மத்திய, மாநில அரசுகள் ஏற்க வேண்டும் என்கின்றன. நல்லதுதான், ஆனால் மாசு உறுதியான பிறகு எத்தனை ஆண்டுக்குள் சுத்தம் செய்து முடிக்க வேண்டும் என்ற கெடு அதில் இல்லை. கெடு இல்லாத இடத்தில் நிதி வருவது அபூர்வம். இப்படிப்பட்ட வேலைக்கு உதவக்கூடிய, 2010-இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாயில் தொடங்கி 400 ரூபாய் வரை ஏறிய தூய்மை ஆற்றல் வரியும் 2017-இல் ஜிஎஸ்டியோடு போய்விட்டது. அந்த இடத்தில் வந்த வரி, மாநிலங்களின் இழப்பீட்டுக் கணக்குக்குத் திரும்பியது. சுத்திகரிப்புக்கென்றே தொடாத கணக்கு ஒன்று மாநில அளவில் வேண்டும். சிப்காட் மனைக் கைமாற்றக் கட்டணத்தில் ஒரு பங்கை அதில் போடலாம். ராணிப்பேட்டை நகராட்சியின் சொத்து வரியால் ஆகிற காரியமல்ல இது.

அதைவிடக் கவனிக்க வேண்டியது, கழிவு போன பிறகும் நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் பம்புகள் பல ஆண்டு ஓட வேண்டும் என்பது. மின்கட்டணம், ரசாயனம், ஆப்பரேட்டர் சம்பளம் ஆகியவை எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் கடைசிப் பக்கத்துச் சிறு எழுத்து. மூன்றாம் ஆண்டில் பம்ப் நின்றால் முதல் இரண்டு ஆண்டுச் செலவும் வீண்.

நிலத்தை மறுபடி பயன்படுத்தினால் அந்தச் செலவுக்கு வழி பிறக்கும். வீட்டுமனையாக அல்ல. விரிப்பைத் துளைக்காத வேலைகளுக்கு விடலாம்: லாரி நிறுத்துமிடம், அல்லது தூண் இறக்காமல் கான்கிரீட் கட்டைகளை மேலே வைத்து நிறுத்தும் சூரிய மின்பலகைகள். வாடகை நேராகப் பம்ப் கணக்குக்குப் போக வேண்டும், பொது நிதிக்கு அல்ல. கூடவே, ‘ஆழ்துளைக் கிணறு கூடாது, அடித்தளம் தோண்டக் கூடாது’ என்ற கட்டுப்பாட்டைப் பதிவுத்துறை வில்லங்கச் சான்றிலேயே ஏற்ற வேண்டும். கோப்பில் மட்டும் இருந்தால், இருபது வருடம் கழித்து மனை வாங்குபவர் கண்ணில் அது படாது.

— நிலத்தடி நீர்ப் பொறியாளர்கள் சிலர்,
வாலாஜாபேட்டை