லிப்ட் தூக்க மாட்டேன் என்கிறது

அயனாவரம், சென்னை
புரட்டாசி முதல் வாரம்

அன்புள்ள தங்கராசு,

நலம், நலமறிய ஆவல். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மொட்டை சொன்னான். அவன் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம், மீதியை நீ எழுது. இங்கே அவளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேத்தி மூன்றாம் வகுப்பு. மழை வரும் வரும் என்கிறார்கள், வரக் காணோம். சம்பிரதாயம் முடிந்தது.

நான் ஒரு டிராக்டர் வாங்கியிருக்கிறேன்.

சிரிக்காதே, முழுசாகப் படித்துவிட்டுச் சிரி. மாஸி ஃபெர்குசன் 1035. எழுபதுகளில் வந்த வண்டி, பழைய மூன்றெழுத்து நம்பர். செங்குன்றம் தாண்டி ஒரு செங்கல் சூளையில், கொட்டகைக்குப் பின்னால், பானெட்டுக்குள்ளிருந்து வேலிக்காத்தான் எட்டிப் பார்க்கிற நிலையில் கிடந்தது. சூளைக்காரர் காயலான் கடைக்கு எடை போட ஆள் வரச் சொல்லியிருந்தார். இரும்பு விலைக்கு மேல் கொஞ்சம் வைத்து நானே எடுத்துக்கொண்டேன். சோழவரத்தில் சகலை வீட்டு மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. மாடு போய் வெகுகாலமாச்சு, கொட்டகை மட்டும் பாக்கி. சோழவரம் என்றதும் உனக்கு ரேஸும் மொட்டையின் சைக்கிளும் ஞாபகம் வந்திருக்குமே!

ஏன் வாங்கினாய் என்று கேட்பாய். அவளும் அதையேதான் கேட்டாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக. "முதுகுக்குத் தைலம் தேய்க்க ஆள் வேணும், இதுல டிராக்டர் ஒண்ணுதான் குறைச்சலா?" என்றாள். பதில் சொல்ல வரவில்லை. உனக்குச் சொன்னால் புரியும். செம்பியத்துச் சரக்குடா இது. இதைச் செய்த டாஃபே 1960-ல் ஆரம்பித்த கம்பெனி. இன்ஜின் சிம்சன், 1840-ல் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த மவுண்ட் ரோடு சிம்சனேதான். பிஸ்டன் 1949-லிருந்து செம்பியத்திலேயே இருக்கிற இந்தியா பிஸ்டன்ஸ். எல்லாம் அனந்தராமகிருஷ்ணன் சேர்த்துக் கட்டிய ஒரே குடும்பம். நம் பேட்டையில் பிறந்து ஊரெல்லாம் உழுத வண்டி, நம் பேட்டைக்குப் பக்கத்திலேயே எடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு போக முடியவில்லை. அவ்வளவுதான்.

இன்ஜின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூளைக்காரர் நல்ல மனுஷன்தான், ஆனால் வண்டியை நிறுத்தும்போது சைலன்சர் மேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைக்கத் தோன்றவில்லை. எத்தனை மழை உள்ளே இறங்கியதோ, நடு சிலிண்டர் துருப்பிடித்து இறுகிவிட்டது. டீசல் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றி, டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறப்போட்டோம். அசையவில்லை. ஹெட்டைத் தூக்கி, கீழே சம்ப்பைக் கழற்றி, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டித்தான் பிஸ்டன் வெளியே வந்தது. சிலிண்டருக்குள் உறை மாதிரி இருக்கிற லைனர் மூன்றும் போச்சு. ட்ரை லைனர்தானே, அம்பத்தூரில் என் பழைய லேத்திலேயே பிடுங்கிப் புதுசு இறக்கினோம். 1035 இன்றைக்கும் விற்கிற மாடல் என்பதால் லைனர், பிஸ்டன், பேரிங் எதற்கும் அலையவில்லை. தகர சாமான்தான் பாடு. மட்கார்டு, டூல் பாக்ஸ், ஓடுகிற மீட்டர் என்று புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் பளபளவென்று டப்பாவில் வைத்து ஆயில் சீல் கொடுத்தான். மாட்டிய மறுநாளே ஒழுகிற்று. டப்பா மட்டும்தான் ஒரிஜினல்.

சகலை மகன் கூடமாட இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு மட்டும் கையில் கிரீஸ். கெட்டிக்காரப் பையன், ஆனால் ஸ்பானர் என்றால் அவனுக்கு மில்லிமீட்டர்தான். இந்த வண்டி முழுக்க அங்குலம் என்று நான் சொல்வதற்குள் ரெண்டு போல்ட்டின் தலையை மழுக்கிவிட்டான். டாப்பெட் இடைவெளி பன்னிரண்டு தௌ, இன்ஜின் ஆறியிருக்கும்போது வைக்கணும் என்றால், "தௌன்னா என்ன பெரியப்பா?" என்கிறான். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குடா என்றேன். நம்ம வாத்தியார் இருந்திருந்தால் ஃபீலர் கேஜாலேயே முட்டியில் ஒன்று போட்டிருப்பார்.

டீசல் லைனிலிருந்து ஏர் எடுத்த அன்றைக்கு நீ இருந்திருக்கணும். ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கை பம்ப்பை அடித்தால் நுரை, நுரை, நுரை. அப்புறம் சிஏவி டீசல் பம்ப்பில் ரெண்டு ஸ்க்ரூ, கடைசியாக நாசில் பைப் நட்டுகள். பையன் செல்ஃப் அடிக்க, நான் நட்டு நட்டாக இறுக்கிக்கொண்டு வந்தேன். மூன்றாவதை இறுக்குவதற்குள் வண்டி பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகையில் கொட்டகையே காணாமல் போய்விட்டது. தெரு நாய்களெல்லாம் ஓடின. சகலை பூஜை அறையிலிருந்து ஓடிவந்தான். மூன்று சிலிண்டர் ஒன்றன்பின் ஒன்றாக நின்று பேசுமே, அந்தச் சத்தம். நான் ஒன்றும் அழவில்லை, புகை. ஆமாம், குளிரில் ஸ்டார்ட் ஆகக் காற்றைச் சூடாக்குகிற தெர்மோஸ்டார்ட் என்று ஒரு சாமானை மேனிஃபோல்டில் வைத்திருக்கிறானே, சென்னையில் அதை எவன் கேட்டான்? எவனோ ஒரு புண்ணியவான் அந்தக் குழாயை எப்போதோ நெளித்து அடைத்து வைத்திருக்கிறான்.

ஆக, வண்டி ஓடுகிறது. கிளட்ச் பிடிக்கிறது, ஆறு கியரும் விழுகிறது, பிரேக் சுமார். எல்லாரும் கைதட்டி, "முடிஞ்சுது" என்றார்கள். எங்கே முடிந்தது? பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்குகிற லிப்ட் தூக்க மாட்டேன் என்கிறது!

முதலில் ஒன்று. "பிடிஓ லீவரைப் போட்டியாடா?" என்று எழுதிவிடாதே. போட்டேன். லிப்ட் பம்ப், பின்னால் மாட்டுகிற கருவிகளைச் சுற்றவைக்கிற அந்தப் பிடிஓ ஷாஃப்டில்தான் சுற்றுகிறது என்பதை அந்த மதுராந்தகம் ரெட்டியார் வீட்டில் நாம் ரெண்டு பேரும் ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்று கற்றுக்கொண்டாயிற்று.

சங்கதி இதுதான். ஆயில் ஆறியிருக்கும்போது ஒன்பது கொத்துக் கலப்பையைச் சிரமப்பட்டுத் தூக்குகிறது. கொஞ்ச நேரம் ஓடி ஆயில் சூடானால் லிப்ட் கை ரெண்டும் நடுங்குகிறது. இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. இன்ஜினை அணைத்தால் கலப்பை பொத்தென்று தரைக்கு வந்துவிடுகிறது. பழைய ஆயில் வெளுத்துப் போயிருந்தது, தண்ணி கலந்திருக்கிறது. முப்பது லிட்டருக்குப் பக்கம் வடித்துப் புதுசு ஊற்றினேன், ஒரு மாற்றமும் இல்லை. பம்ப் தள்ளுகிறது, தள்ளியது எங்கேயோ கசிகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. கொஞ்சம் ஆயிலை வடித்துவிட்டு, வலப்பக்கத்து மூடியைத் திறந்து, பாரத்தைத் தூக்கவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலேயிருந்து ஒழுகுகிறது. லிப்ட் பிஸ்டன் ரிங்கா, பம்ப்பிலிருந்து ஆயில் மேலே போகிற ஸ்டாண்ட் பைப் ஓ-ரிங்கா, அது தெரியவில்லை. பையன் போனில் எதையோ பார்த்துவிட்டுக் கன்ட்ரோல் வால்வு என்கிறான். நீ என்ன சொல்கிறாய்?

"ஓடுதில்ல, விடுங்களேன்" என்கிறான் சகலை. அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஓடுவதற்கு ஜீப் போதாதா? பையனை உட்காரவைத்துச் சொன்னேன்: ஃபெர்குசன் என்கிற ஐரிஷ்காரன் 1926-ல் காப்புரிமை வாங்கினானே, அது சக்கரத்துக்கு இல்லை, கலப்பையை வண்டியோடு கோத்து ஆழத்தைத் தானாகச் சரிசெய்கிற ஏற்பாட்டுக்கு. அதுக்கு முன்னால் கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுத்தார்கள். கொழு பாறையில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கி, வண்டி பின்னால் கவிழ்ந்து, ஓட்டுகிறவன் மேலேயே விழும். செத்திருக்கிறார்கள். இவன் வண்டியில் மண் இறுகினால், கலப்பையின் மேல்பக்கத்தை வண்டியோடு கோக்கிற டாப் லிங்க் ஸ்பிரிங்கை அழுத்தும், வால்வு திறக்கும், கலப்பை ஒரு விரல்கடை மேலே வரும், அந்த பாரமே பின்சக்கரத்தை மண்ணில் அழுத்திப் பிடிப்பு கொடுக்கும். வண்டியும் கலப்பையும் ஒரே உடம்பு. லிப்ட் இல்லாத மாஸி சூளையில் செங்கல் இழுக்கத்தான் ஆகும், அதைத்தான் அது இத்தனை வருஷம் செய்தது. பையன் வாயைப் பிளந்து கேட்டான். இதெல்லாம் உனக்கு நான் சொல்லணுமா? எழுத ஆரம்பித்தால் கை நிற்கமாட்டேன் என்கிறது.

இதற்கு நடுவில் ஒரு வில்லங்கம். ஈசிஆரில் ரிசார்ட் வைத்திருக்கிற ஒருவர், பையனின் சிநேகிதன் வழியாக, வந்து பார்த்தார். சிவப்புப் பெயின்ட் பளபளவென்று அடித்து, டயருக்குப் பாலிஷ் போட்டு, வாசலில் நிறுத்திவிடுவாராம். கல்யாண ஜோடிகள் ஏறி போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். "இன்ஜின்கூட வேணாம் சார், லுக்குதான் முக்கியம்" என்றார். சொன்ன தொகை நான் போட்டதைப்போல ரெட்டிப்பு. அவள் முகத்தில் எத்தனையோ வருஷம் கழித்து என் மேல் மரியாதை தெரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவெல்லாம் இல்லை. விற்கக் கூடாது என்று நான் சத்தியம் பண்ணவில்லை. பணம் வேண்டியிருக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் ஒரு ஏக்கராவது உழாமல் அதற்குப் பெயின்ட் அடிக்க மாட்டேன். இப்போது மேலே மூன்று அடுக்குப் பெயின்ட் உரிந்து தெரிகிறது, அப்படியே இருக்கட்டும். சகலை மார்கழியில் நவரைக்கு ஒன்றரை ஏக்கர் நடுவான். சுற்றிலும் பிளாட் கல் நட்டாயிற்று, அடுத்த வருஷம் அவனே நடுவானோ மாட்டானோ.

தங்கராசு, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் மகன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டதிலிருந்து நீ ஷெட் பக்கமே போவதில்லையாமே. சாவியைக்கூட மருமகளிடம் கொடுத்துவிட்டாயாம். ரிப்பேருக்கு வண்டி கொண்டுவருகிறவர்களையும் "எனக்குக் கண் தெரியாது" என்று திருப்பி அனுப்புகிறாயாம். இதையும் மொட்டைதான் சொன்னான், இதை நான் முழுசாக நம்புகிறேன். ஏனென்றால் லேத்தை மூடிய வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன். காலையில் பேப்பர், அப்புறம் டிவி, அப்புறம் மத்தியானம். கை சும்மா இருந்தால் மனசு எதையெதையோ திருகும். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

வேலை என்ன தெரியுமா? லிப்ட் மூடியை மேலே தூக்கணும். சீட்டை எடுத்து, லிங்குகளைக் கழற்றி, செயின் பிளாக்கில் மாட்டினால் நானும் பையனும் தூக்கிவிடுவோம். ரிங்கோ ஓ-ரிங்கோ எதுவானாலும் மாற்றிவிடலாம். திரும்ப இறக்கும்போதுதான் சிக்கல். உள்ளே தொங்குகிற லீவர் பம்ப்போடு சரியாகப் போய் உட்காரணும். கண்ணுக்குத் தெரியாது, பக்கத்து மூடி வழியாகக் கையை விட்டுத் தடவித்தான் பிடிக்கணும். என் கை உள்ளே போகவில்லை. பையனுக்குப் போகிறது, ஆனால் எதைத் தொடுகிறோம் என்று தெரியவில்லை. வாத்தியார் எப்போதும் உன்னைத்தானே கூப்பிடுவார், "ஒல்லி, கையை விடுடா" என்று. அதுக்குக் கண் எதுக்கு?

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வா. கொட்டகை ஒழுகும், மூடியைத் திறந்துபோட்டுவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர், நான் வந்து நிற்கிறேன். வீட்டில் கேட்டால் சென்னையில் கண் செக்கப் என்று சொல், மருமகளே டிக்கெட் எடுத்துக் கொடுப்பாள். கனமாக எதுவும் தூக்காதே, ஆஸ்பத்திரியில் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். அவள் உனக்காக வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன் என்றாள், எனக்கு வாங்கியதில்லை.

வரும்போது என்னுடைய முக்கால் அங்குல ரிங் ஸ்பானரை எடுத்து வா. நீ மன்னார்குடிக்கு மூட்டை கட்டிய அன்றைக்கு அது எந்த மூட்டைக்குள் போயிற்று என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

உன்,
ஏழுமலை