வாசலுக்கும் வாய்க்கும் நடுவே

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில் நீ அழுவாய், இல்லையென்றால், எனக்குத் தினமும் மதியச் சாப்பாட்டுப் பெட்டி வீட்டுக்கு வர நீ ஏற்பாடு செய்த அந்த நிறுவனத்தை உடனே கூப்பிட்டுச் சண்டை பிடிப்பாய். இரண்டும் வேண்டாம் என்றுதான் கடிதம்.

"சாப்பிட்டீர்களா அப்பா?" என்று நீ கேட்டபோதெல்லாம் "ஆயிற்று" என்றேனே, அதில் பாதி பொய். கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் இல்லையா, இதற்கும் நாட்குறிப்பில் கணக்கு வைத்திருக்கிறேன். முதல் நான்கு வாரங்களில் வந்த பெட்டிகள் 28. முழுதாக உண்டவை 9. கொறித்துவிட்டு வைத்தவை 7. மீதி 12 பெட்டிகள் திறக்கப்படாமலே குப்பைக்குப் போயின.

சமையல் மோசம் என்று நினைத்துவிடாதே. உன் அம்மாவின் கைப்பக்குவத்தை அதில் தேடினால் அது என் தவறு. திறக்க முடியவில்லை, அவ்வளவுதான். பெட்டியின் மேல் கண்ணாடி போல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மூலையில் ஒரு சிறு நாக்கு. அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்து இழுக்க வேண்டும். என் வலது கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கி இரண்டு வருடம் ஆகிறது. சட்டைப் பொத்தானைப் போடவே ஐந்து நிமிடம் பிடிக்கிறது. முதல் வாரம் கத்தியால் குத்திக் கிழித்தேன். இரண்டாவது வாரம் கத்தி வழுக்கிப் பெட்டி கவிழ்ந்தது. சூடான சாப்பாடு வேட்டியிலும் தரையிலும் கொட்டியது. குனிந்து துடைத்துவிட்டு எழுந்தபோது தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். அன்று ராத்திரி பிஸ்கட்டும் பாலும்தான். அதற்குப் பிறகு பெட்டியைப் பார்த்தாலே பயம் வந்துவிட்டது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஒரு தாளை உரிக்கத் தெரியவில்லை என்று மகளிடம் எப்படிச் சொல்வது?

உனக்கு நாள்தோறும் ஒரு படம் வந்தது அல்லவா, வாசற்படியில் பெட்டி, கீழே "வழங்கப்பட்டது" என்ற வரியோடு? அதைப் பார்த்து நீ நிம்மதியாக இருந்தாய். உன்மேல் குறையில்லை. ஆனால் கிடங்குக்கு வந்த சரக்கையெல்லாம் விற்றுப்போனதாக எழுதும் கணக்கரை நான் ஒருநாளும் நம்பியதில்லை. வாசலுக்கு வந்த சாப்பாடு வாய்க்கு வந்ததா என்று அந்தப் படம் சொல்லாது.

கண்டுபிடித்தது சாப்பாடு கொண்டுவரும் பெண்தான். ஒருநாள் குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தாள். சமையலறை மேடையில் முந்தின நாள் பெட்டி அப்படியே இருந்தது. அதையும் என் கையையும் பார்த்தாள். "ஐயா, தாள் உரிக்க வரவில்லையா?" என்றாள். வேறு ஒரு வார்த்தை கிடையாது. அன்று கொண்டுவந்ததைத் தானே திறந்து, தட்டில் மாற்றி, கரண்டியையும் வைத்துவிட்டுப் போனாள். கடிகாரத்தைப் பார்த்தேன்: 40 விநாடி. மறுநாளிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

உட்கார்ந்து பேச அவளுக்கு நேரமில்லை, அதையும் விசாரித்தேன். சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதனால் சூடு காக்கும் பையோடு கடைசி வீடுவரை ஓட்டம்தான். அந்த ஓட்டத்திலும் 40 விநாடி எனக்கு ஒதுக்குகிறாள். அவள் விடுமுறை எடுக்கும் நாளில் வருகிற பையன் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறான்.

நீ போன வாரம் சொன்ன யோசனைக்கு வருகிறேன். வாரத்துக்கு ஒருமுறை உறையவைத்த பெட்டிகளை மொத்தமாக இறக்கிவிடுவார்கள், விதவிதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்றாய். அந்த உணவு கெட்டதல்ல. சரியாக உறையவைத்தால் சத்தும் பெரிதாகப் போகாது. இரண்டு மூன்று பெட்டி அவசரத்துக்கு இருக்கட்டும். ஆனால் ஏழு நாள் சாப்பாடும் அப்படியே என்றால், அத்தனை தாளையும் நானே உரிக்க வேண்டும். நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். இன்னொன்று, நான் குளியலறையில் விழுந்து கிடந்தால், தினமும் ஆள் வரும் ஏற்பாட்டில் மறுநாள் மதியத்துக்குள் யாருக்காவது தெரியும். வாரத்துக்கு ஒருமுறை என்றால் நீயே எண்ணிப் பார்.

இந்த வேலையைத் தொடங்கியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்தே இருந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1953-இல் முதியோருக்கு வீடு தேடிச் சாப்பாடு கொடுக்கும் அமைப்பைத் தொடங்கிய டோரிஸ் டெய்லர், சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். தானாகச் செய்ய முடியாத ஒன்றுக்கு இன்னொருவர் கையை எதிர்பார்த்திருப்பது எப்படி என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருந்திருக்காது.

அப்புறம், நீ நிரப்பிய படிவம். அதன் நகலை அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கிப் படித்தேன். உப்புக் குறைவு, சர்க்கரை இல்லாதது, கொழுப்புக் குறைவு, மிருதுவானது: நான்கு கட்டத்திலும் குறி போட்டிருக்கிறாய். பாசத்தில் போட்டாய், தெரிகிறது. உப்பு சரிதான், என் ரத்த அழுத்தத்துக்கு வேண்டும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சர்க்கரையும் சரி. மிருது எதற்கு அம்மா? அது விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு. எனக்குச் சொந்தப் பல் இன்னும் 23 இருக்கிறது. எல்லாவற்றையும் குழைத்து, எது காய் எது பருப்பு என்று தெரியாமல் அனுப்புகிறார்கள். வயது ஏற ஏற நாக்கும் மூக்கும் ஏற்கெனவே மந்தம். அதில் கூழையும் கொடுத்தால் மனிதன் எப்படிச் சாப்பிடுவான்? கொழுப்புக் குறைவையும் எடுத்துவிடு. நான் 4 கிலோ இளைத்திருக்கிறேன். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருக்கிறேன்.

"வயதானவர்தானே, கொஞ்சம் சாப்பிட்டால் போதும்" என்று நாமும்தான் உன் பாட்டி விஷயத்தில் நினைத்தோம். அது பாதிதான் சரியாம். உழைப்புக் குறைவதால் மொத்த அளவு குறையலாம். புரதம் குறையக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்றார் மருத்துவர். இல்லாவிட்டால் தசை கரையும், பிறகு நாற்காலியிலிருந்து எழுவதே பெரிய வேலையாகிவிடும். ஒரு வேளைப் பெட்டியில் அவ்வளவும் வராது. காலையிலும் இரவிலும் முட்டையோ தயிரோ நானே சேர்த்துக்கொள்கிறேன்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டுக்கொள்வேன். ஒருநாள் 12.30 பெட்டி 1.40-க்கு வந்தது. அதற்குள் கை நடுங்கி வியர்த்துக் கொட்டிவிட்டது. டப்பாவில் சர்க்கரை இருந்தது, அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். இப்போது சாப்பாடு கண்ணில் பட்ட பிறகே மாத்திரை என்று மருத்துவர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். பயப்படாதே.

நிறுவனத்தாரிடம் நீ பேசத்தான் வேண்டும், ஆனால் தன்மையாகப் பேசு. என் பெயருக்கு எதிரே "திறந்து, தட்டில் மாற்றிக் கொடுக்கவும்" என்று எழுதச் சொல். அந்தப் பையனுக்கும் அது தெரிய வேண்டும். அவள் மட்டும் தன் நல்ல மனத்தால் செய்தால், அவள் வேலை மாறிய மறுநாள் நான் பழையபடி கத்தியோடு நிற்பேன். அவள் தாமதமாகப் போனதாக அவள்மேல் குற்றம் எழுதிவிடவும் கூடாது.

நீயும் இனி "சாப்பிட்டீர்களா" என்று கேட்காதே. "இன்று என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேள். அதற்குப் பொய் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், நீ கண்டுபிடித்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: இந்த மாதம் இதுவரை வந்தவை 19. உண்டவை 16. மற்ற 3 அந்தப் பையன் வந்த நாட்கள்.